ரங்கநாதன் தெருவும் இரண்டு ஜெர்மன்காரர்களும்

கிராமத்தான் நகரத்துக்கு வந்தால் என்ன ஆகும்? ஃபெர்டினாண்ட் டோனிஸ் (டென்னிஸ் இல்லை மக்களே!) 1887இல் ஒரு பதில் சொன்னார்: ஊரில் உறவும் பழக்கமும் கட்டிவைத்த மனிதனை, நகரத்தில் ஒப்பந்தமும் காசும் கட்டிவைக்கும். 1903இல் கியோர்க் சிம்மல் இன்னும் ஒரு படி போனார். நகரத்தில் எல்லாம் கணக்குதான், பக்கத்து வீட்டுக்காரனைத் தெரியாது, ஆனால் அதிலேயே ஒரு விடுதலையும் உண்டு என்றார். அவர் பார்த்து வளர்ந்தது பெர்லின்.

சரி, நம்ம தி.நகருக்கு வருவோம். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயரில் உருவான குடியிருப்பு இது. பிற்பாடு ரங்கநாதன் தெருவில் வளர்ந்த பெரிய கடைகள் பலவற்றின் முதலாளிகள் தென்மாவட்டத்துக்காரர்கள். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஊருக்குச் சொல்லி அனுப்புவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் ரயிலேறி வந்தார்கள். தெரிந்தவர் மூலம் வேலை. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கடையே பார்த்துக்கொள்ளும்.

இதில் டோனிஸ் சொன்ன ஒப்பந்தம் எங்கே? சிம்மல் சொன்ன விடுதலை எங்கே? சுமார் 600 கிலோமீட்டர் தாண்டி ஊரும் கூடவே வந்துவிட்டது! ஊர்ப்பாசம் என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தெரியாத ஊரில் முதல் நாளே சோறும் படுக்க இடமும் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் வேலை வாங்கிக் கொடுத்தவர் அப்பாவுக்குத் தெரிந்தவர் என்றால், சம்பளம் போதவில்லை என்று எப்படி வாயைத் திறப்பது? கோபித்துக்கொண்டு வேலையை விட்டால் அன்று ராத்திரி எங்கே படுப்பது? பி.காம். வகுப்பில் தொழிலாளர் சந்தை என்று இரண்டு கோடு போட்டுக் காட்டுவார்கள். அதில் மாமா, சித்தப்பா யாரும் கிடையாது :)

2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' இந்த வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. 11 வருடம் கழித்து, 2021இல்தான், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளா 2018லேயே செய்துவிட்டது. நம்ம ஊர் முதலாளிதானே என்று உரிமையோடு கேட்க முடியாத ஒரு ஸ்டூலுக்கு, யார் எந்த ஊர் என்றே கேட்காத ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

அடுத்த தடவை தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், ஸ்டூல் இருக்கிறதா என்று. இருந்தால், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும்.