என்எம்சிஎல்ஐ சோதனை

என்எம்சிஎல்ஐ, லினக்ஸில் பிணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் சேவையைக் கட்டளைவரியிலிருந்து இயக்கும் கருவி. நெட்வொர்க்மேனேஜர் 2004இல் ரெட் ஹாட் நிறுவனம் தொடங்கிய திட்டம். கருவி நேரடியாக எந்தப் பிணைய அட்டையையும் தொடுவதில்லை. டி-பஸ் வழியாகச் சேவையிடம் சொல்கிறது, சேவை செய்து முடிக்கிறது. எனவே சோதனை தோற்றால், பிழை கருவியிலா சேவையிலா என்பதுதான் முதல் கேள்வி. சோதனைகளும் அதற்கேற்ப இரண்டு அடுக்காக உள்ளன.

முதல் அடுக்கு மூலநிரலோடு சேர்ந்தே வருகிறது. இதில் உண்மையான சேவை ஓடுவதில்லை. பைத்தானில் எழுதிய போலிச் சேவை தனியொரு டி-பஸ்ஸில் பதில் சொல்லும். கருவி அச்சிடும் உரை, சேமித்து வைத்த கோப்புடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும். ஆங்கிலத்திலும் போலந்து மொழியிலும் இது நடக்கும். ஓர் இடைவெளி கூடினாலும் தோல்விதான். கெடுபிடி மிகையல்ல: நிர்வாகிகள் எழுதிய எத்தனையோ ஸ்கிரிப்டுகள் இந்த உரையைத்தான் படிக்கின்றன.

இரண்டாம் அடுக்கில் உண்மையான சேவையே ஓடும். பிகேவ் என்னும் பைத்தான் கருவியில், படிக்க எளிய வாக்கியங்களாகச் சோதனைகள் எழுதப்படுகின்றன. கம்பிக்குப் பதில் மெய்நிகர் ஈதர்நெட் இணைகள். முகவரி தர டிஎன்எஸ்மாஸ்க். வைஃபைக்குக் கர்னலே உருவாக்கும் பாவனை ரேடியோக்கள். திசைவி ஒன்றுகூட மேசையில் தேவையில்லை.

கருவி வெளியேறும்போது தரும் எண்களையும் சோதிப்பது அவசியம். 0 என்றால் வெற்றி, 4 என்றால் இணைப்பு ஏறவில்லை, 8 என்றால் சேவையே ஓடவில்லை, 10 என்றால் கேட்ட இணைப்போ சாதனமோ இல்லை. இணைப்பை ஏற்றும் கட்டளை இயல்பாக 90 விநாடி வரை காத்திருக்கும். காத்திருப்பை 0 ஆக்கிவிட்டு உடனே முகவரியைத் தேடும் சோதனை ஒருநாள் தேறும், மறுநாள் தோற்கும். அது சோதனையின் குறை, கருவியின் குறையல்ல.

கைமுறையாகச் சோதிப்பவரைக் குழப்புபவை வேறு. அமைப்பை மாற்றினால் பெரும்பாலான மாற்றங்கள் இணைப்பை மீண்டும் ஏற்றிய பிறகே நடப்புக்கு வரும். ஒரே பெயரில் இரண்டு இணைப்புகள் இருக்கலாம் என்பதால் இணைப்பின் தனித்த அடையாளமான யூயூஐடியால் சுட்டுவதே பாதுகாப்பு. கருவி சுருக்க வடிவில் அச்சிடும்போது புலங்களைப் பிரிப்பது முக்காற்புள்ளி; மேக் முகவரிக்குள் வரும் முக்காற்புள்ளிக்கு முன் பின்சாய்கோடு சேரும். அதைக் கவனிக்காத ஸ்கிரிப்ட் ஒரே முகவரியை ஆறு துண்டாக்கும்.

எஸ்எஸ்எச் வழியே தொலைவிலிருந்து சோதிப்பது, உட்கார்ந்த கிளையையே வெட்டுவதுபோல. செக்பாயிண்ட் வசதியைப் பயன்படுத்தினால், குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாத மாற்றத்தைச் சேவை தானே திருப்பிவிடும்.