தண்டுத் துருவும் தமிழ் மலைகளும்

ஊரிகத்தில் தலைமுறைகளாக வாழும் நாம், கேழ்வரகுக் களியோடு கோதுமை ரொட்டிக்கும் பழகிவிட்டோம். அக்கோதுமையின் தண்டைத் தாக்கி, கதிரைப் பதராக்கும் துருநோயின் வரலாறு நம் தாயகத்து மலைகளோடு பிணைந்ததாகும்.

துரு ஒரு பூசண நோய். சமவெளியின் கோடை வெயிலில் அதன் வித்துகள் மடிந்துவிடும். எனினும் அடுத்த பருவத்தில் நோய் மீண்டும் தோன்றுவது எவ்வாறு? ஆக்ராவில் ஆய்வு நடத்திய கரம் சந்த் மேத்தா விடை கண்டார். நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ச்சியில், கோடையிலும் நிற்கும் கோதுமைப் பயிரில் துரு பிழைத்திருக்கிறது. பின்னர் அதன் வித்துகள் காற்றில் ஏறி வடக்கே செல்கின்றன.

1946-47இல் மத்திய இந்தியாவில் துரு பெருஞ்சேதம் விளைத்தது. 1954இல் நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிலையம் அமைத்தது. துருவை எதிர்க்கும் இரகங்கள் அங்கே உருவாயின. நோய் தாங்கும் விதையே உழவர்க்குச் செலவில்லாக் காப்பு. நோய்க்கு இடங்கொடுத்த நம் மலையே இன்று கோதுமை வயல்களுக்குக் காவலும் நிற்பதை எண்ணி மகிழ்வோமாக.