நாற்பது வாட் வானொலி

முன்பெல்லாம் நம் வீடுகளின் பின்கட்டில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். படிப்பதற்கு அந்த வெளிச்சம் போதாது. இருட்டில் பாத்திரத்தை இடறிவிடாமல் நடக்க உதவும், அவ்வளவுதான். அதே 40 வாட் ஆற்றலைக் கொண்டு 1924ஆம் ஆண்டில் சென்னை நகருக்கு இசையும் பேச்சும் ஒலிபரப்பினார்கள் என்று சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். அப்படி ஒலிபரப்பியது அரசாங்கமும் அன்று. பெரிய கம்பெனியும் அன்று. ஆர்வமுள்ள சிலர் கூடி அமைத்துக்கொண்ட ஒரு கழகம்.

அதன் பெயர் சென்னை மாகாண வானொலிக் கழகம். 1924 மே 16ஆம் நாள் அது தொடங்கப்பட்டது. அதற்கு உயிர் கொடுத்தவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. இங்கிலாந்திலிருந்து உறுப்புகளைக் கொண்டுவந்து, ஒலிபரப்பிக் கருவியை இங்கேயே பூட்டினார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று சென்னையின் வானில் முதன்முதலாக முறையான ஒலிபரப்பு எழுந்தது. பின்னர் 40 வாட் கருவியின் இடத்தில் 200 வாட் கருவி வந்தது.

சென்னை தனித்து நிற்கவில்லை. பம்பாயில் 1923 ஜூனிலும், கல்கத்தாவில் அதே ஆண்டு நவம்பரிலும் இத்தகைய கழகங்கள் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தன. வெளிநாட்டிலும் கதை இதேதான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே பிராங்க் கான்ராட் என்ற பொறியாளர் தம் வீட்டுக் கொட்டகையில் ஒரு அமெச்சூர் நிலையம் வைத்திருந்தார். பேசிப் பேசி அலுத்துப்போய், ஒலிவாங்கியின் முன் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். கேட்டவர்கள் இன்னும் வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். அவர் வேலை பார்த்த வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி விழித்துக்கொண்டது. 1920 நவம்பர் 2 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய புகழ்பெற்ற கே.டி.கே.ஏ. நிலையம் அந்தக் கொட்டகையிலிருந்து பிறந்ததே.

இனி, கேட்பவர் பக்கம் சற்றுப் பார்ப்போம். வால்வுகள் பொருத்திய வானொலிப் பெட்டி அந்நாளில் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாக் கனி. ஆனால், படிகக் கருவி ஒன்றை, கைத்திறன் உள்ள மாணவர்கூடச் செய்துவிடலாம். ஓர் அட்டை உருளையின் மேல் சுற்றிய கம்பிச்சுருள். மாடியில் கட்டிய நீண்ட ஏரியல் கம்பி. மண்ணில் புதைத்த இன்னொரு கம்பி. காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன். இவற்றுக்கு நடுவே கலீனா என்னும் ஈயத் தாதுக்கல் ஒரு துண்டு. அதன் மேல் மெல்லிய கம்பி ஒன்றின் நுனி தொட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கம்பிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘பூனை மீசை’!

கல்லின் எல்லா இடமும் வேலை செய்யாது. மீசையை இங்கும் அங்கும் நகர்த்தி, சரியான புள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தப் புள்ளி மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும். ஏரியலில் வந்து சேரும் அலையோ நொடிக்கு இலட்சக்கணக்கான முறை முன்னும் பின்னும் அதிர்வது. அவ்வளவு வேகத்துக்கு ஹெட்போனின் தகடு ஈடுகொடுக்காது. படிகம் அலையின் ஒரு பாதியைத் தடுத்துவிடுவதால், அலை ஏறி இறங்கும் அளவு மட்டும் மிஞ்சுகிறது. அதுதான் பாடகரின் குரல். யாரேனும் கதவை ஓங்கிச் சாத்தினால் மீசை நகர்ந்துவிடும், பாட்டு நின்றுவிடும்.

இந்தக் கருவிக்கு மின்கலம் கிடையாது. அப்படியானால் காதில் ஒலியை எழுப்பிய ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். அது முழுவதும் ஒலிபரப்பியிலிருந்து வானில் வந்ததுதான். அந்த 40 வாட்டும் எல்லாத் திசையிலும் சிதறிய பிறகு, உங்கள் மாடிக் கம்பியில் சிக்கிய ஒரு துளி. வெட்டவெளியில் தூரம் இரு மடங்கானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். ஆகவே கழகத்தின் நிகழ்ச்சி நகரத்தாருக்கே உரியதாக இருந்ததில் வியப்பில்லை.

ஒலிபரப்பில் ஒரு விந்தையான தொல்லை உண்டு. நாடகக் கொட்டகையில் டிக்கெட் வாங்காதவரை வாசலிலேயே நிறுத்திவிடலாம். வானொலி அலையை அப்படி நிறுத்த முடியாது. பணம் கொடுத்தவர் வீட்டுக்கும் கொடுக்காதவர் வீட்டுக்கும் அது ஒன்றுபோலவே செல்லும். பாடகருக்கும், வால்வுக்கும், மின்சாரத்துக்கும் யார் பணம் தருவது? பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தலைக்கு 1,500 வாட் திறனுள்ள நிலையங்களைத் திறந்த இந்திய ஒலிபரப்புக் கம்பெனிக்கும் இதே தொல்லை வந்தது. வானொலி வைத்திருப்போர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம் கட்டவேண்டும். அதில் 80 விழுக்காடு கம்பெனிக்கு. ஆனால் 1927 இறுதியில் நாடு முழுவதற்கும் உரிமங்கள் சுமார் 3,600 மட்டுமே! 1930 மார்ச்சில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது.

இலட்சங்களைப் போட்டவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு கழகம் என்ன செய்யும்? சென்னைக் கழகம் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலாகத் தாக்குப்பிடித்தது. பணமுடையால் 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. கம்பெனி சென்னையில் நிலையம் எதுவும் திறக்கவில்லை. நகரம் மறுபடியும் ஊமையாயிற்று.

ஆனால் கருவி குப்பைக்குப் போகவில்லை. கழகம் அதைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் 1ஆம் நாள் மாநகராட்சி தானே ஒலிபரப்பைத் தொடங்கியது. மாலைதோறும் இசை; பள்ளி நாட்களில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைப் பாடமும் கதைகளும். மெரீனா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். காற்று வாங்க வந்தவர் காசில்லாமல் பாட்டும் கேட்டார். யார் பணம் தருவது என்ற கேள்விக்குத் தெருவிளக்கைப் போலவே விடை கண்டுவிட்டார்கள்! குப்பை அள்ளுவதும் குழாய்த் தண்ணீர் தருவதுமாக இருந்த ஒரு நகராட்சி எட்டு ஆண்டுகள் வானொலி நிலையமும் நடத்தியதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மீண்டும் 1924க்கு வருவோம். சென்னையில் கழகத்தார் நகருக்குள் பாட்டு அனுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டில், வேறொரு வகை அமெச்சூர்கள் உலகையே அளந்துகொண்டிருந்தார்கள். இதன் பின்னணி சுவையானது. 1912ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்த நீளமும் உள்ள அலைகளுக்கு ஒதுக்கித் தள்ளியது. அலை நீண்டிருந்தால்தான் தொலைவு செல்லும் என்பது அந்நாளைய நம்பிக்கை. எதற்கும் உதவாத சிற்றலைகளை விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் தொந்தரவு தீர்ந்தது என்று எண்ணினார்கள் போலும்!

பிள்ளைகளோ சிற்றலைகளை வைத்தே 1923 நவம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி இருவழிச் செய்தி பரிமாறினார்கள். 1924 அக்டோபர் 18 அன்று நடந்தது அதையும் விஞ்சியது. இலண்டனின் மில்ஹில் பள்ளியில் இருந்த நிலையத்திலிருந்து, 18 வயது மாணவர் செசில் கோய்டர் மோர்ஸ் சாவியைத் தட்டினார். நியூசிலாந்தில் ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்து பிராங்க் பெல் என்பவர் பதில் தந்தார். பூமி உருண்டையில் ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கம். சுமார் 19,000 கிலோமீட்டர். (பெல்லின் தமக்கை பிரெண்டாவும் பின்னர் அந்தச் சாவியைக் கையிலெடுத்து, நியூசிலாந்தின் முதல் பெண் அமெச்சூர் ஆனார்.)

சிற்றலைகள் எப்படி இவ்வளவு தொலைவு சென்றன? பூமியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உயரத்தில், சூரியக் கதிர்கள் காற்றின் அணுக்களை உடைத்து மின்னேற்றம் பெறச் செய்கின்றன. அயனி மண்டலம் என்று இதைச் சொல்கிறோம். சிற்றலைகள் இந்த மண்டலத்தில் வளைந்து தரைக்குத் திரும்புகின்றன. தரையில் பட்டு மறுபடி மேலே செல்கின்றன. பந்து துள்ளுவதுபோல் துள்ளித் துள்ளியே கடல்களைக் கடந்துவிடுகின்றன. அப்படியொரு மண்டலம் உண்டு என்பதை எட்வர்ட் ஆப்பிள்டன் சோதனையால் நிறுவியது 1924 டிசம்பரில்தான். அதாவது, பள்ளி மாணவர் அதைப் பயன்படுத்திய இரண்டு மாதங்களுக்குப் பிறகு! ஆப்பிள்டனுக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மாணவரை நாம் மறுபடியும் சந்திக்கிறோம், இந்தியாவில். 1936இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் பிறந்த அதே ஆண்டு, அதன் தலைமைப் பொறியாளராக வந்து சேர்ந்தவர் கோய்டர். இவ்வளவு பரந்த நாட்டை மத்திய அலை நிலையங்களால் மூடவேண்டுமானால் கணக்கற்ற நிலையங்கள் வேண்டும். கையில் இருந்த பணமோ கொஞ்சம். ஆகவே பரப்பை மூடச் சிற்றலை, பெருநகரங்களுக்கு மட்டும் மத்திய அலை என்று திட்டம் அமைந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அமெச்சூர்கள் தேடிக் கண்ட அலை, ஒரு துணைக்கண்டத்தின் வானொலிக்கு முதுகெலும்பாயிற்று.

சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாள் எழும்பூர் மார்ஷல் சாலையில் திறக்கப்பட்டது. மாநகராட்சியின் ஒலிபரப்பு அத்துடன் நின்றது. புதிய நிலையத்தின் சிற்றலைக் கருவி 10,000 வாட் திறனுடையது. ஆனால் நகருக்காக வைத்த மத்திய அலைக் கருவியின் திறன் எவ்வளவு தெரியுமா? 250 வாட்! கிருஷ்ணசாமி செட்டியின் கழகம் கடைசியில் வைத்திருந்ததைவிட 50 வாட்டே அதிகம். நகருக்கு எவ்வளவு ஆற்றல் போதும் என்பதை அந்தக் கழகத்தார் முன்பே சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள்.

இன்றைய அமெச்சூர், அந்தக் கழகத்தாரைப் போல இசை ஒலிபரப்ப முடியாது. உரிமம் அதற்கு இடம் தராது. தேர்வு எழுதி உரிமம் பெற்று, தம்மைப் போன்ற பிற அமெச்சூர்களுடன் பேசலாம். கருவிகளைக் கட்டிச் சோதிக்கலாம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, இதே வேலைக்காக அந்தமானுக்குச் சென்றிருந்த அமெச்சூர்கள், தொலைபேசி அறுந்த தீவுகளின் செய்திகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு மே 5ஆம் நாள், சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அமெச்சூர்களுக்கென்றே ஹாம்சாட் என்ற 42.5 கிலோகிராம் எடையுள்ள செயற்கைக்கோள் ஏவப்பட்டது. தரையிலிருந்து வரும் செய்தியை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள் இரண்டு அதில் இருந்தன. ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றொன்றைச் செய்தவர் நெதர்லாந்து நாட்டு மாணவர் ஒருவர்.