கோபுரக் கணினிப் பேழையில் உட்பாகங்களை மாற்றுதல்

கோபுரக் கணினிப் பேழை (டவர் கேபினெட்) என்பது தாய்ப்பலகை, மின்வழங்கி, வன்தட்டு முதலிய கணினி உட்பாகங்களைத் தாங்கி நிற்கும் பெட்டி ஆகும். முழுக்கோபுர வகைப் பேழைகளில் கைநுழைய இடம் தாராளமாக இருப்பதால், பழுதான பாகங்களைப் பயனரே மாற்றிக்கொள்ள இயலும். எனினும் மின்னதிர்ச்சியால் பயனருக்கும், நிலைமின்னால் பாகங்களுக்கும் தீங்கு நேரக்கூடும்.

மின்னிணைப்பைத் துண்டித்தல்

கணினியை நிறுத்துவதால் மட்டும் அது மின்னற்றதாகிவிடாது. 1995 இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ் சீர்தரத்தின்படி, மின்வழங்கிக்கு மின்சாரம் கிடைக்கும்வரை தாய்ப்பலகைக்கு 5 வோல்ட்டு காத்திருப்பு மின்சாரம் சென்றுகொண்டே இருக்கும். இந்நிலையில் நினைவகத்தைக் கழற்றினால் அது பழுதாகலாம். ஆகவே மின்கம்பியை முதலில் பிடுங்கிவிட்டு, முகப்பிலுள்ள பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். தாய்ப்பலகையில் எஞ்சிய மின்னூட்டம் பெரும்பாலும் இதனால் வடிந்துவிடும்.

மின்வழங்கியின் உட்புறத்தை இவ்வாறு நம்ப இயலாது. 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தின் உச்சமதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட்டு ஆகும். அவ்வளவு மின்னழுத்தம் ஏறிய மின்தேக்கி, கம்பியைக் கழற்றிய பின்னரும் உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். எனவே பழுதான மின்வழங்கியைத் திறவாமல் முழுப்பெட்டியாகவே மாற்ற வேண்டும்.

நிலைமின்

மனிதர் உணரக்கூடிய நிலைமின்னிறக்கம் பொதுவாகச் சில ஆயிரம் வோல்ட்டு அளவினது. சில குறைகடத்திகள் பழுதாக 100 வோல்ட்டுக்கும் குறைவானதே போதும். அதாவது, பாகத்தைக் கெடுத்தவருக்கே அது கெட்டது தெரிவதில்லை. இதைத் தவிர்க்க மணிக்கட்டுப் பட்டை அணிவர். இதிலுள்ள 1 மெகாஓம் தடையம், அணிந்தவர் தவறுதலாக 230 வோல்ட்டு கம்பியைத் தொட்டாலும் பட்டைவழியே பாயும் மின்னோட்டத்தைக் கால் மில்லியாம்பியருக்குள் அடக்கிவிடும்.

மின்கம்பியைக் கழற்றினால் நிலத்தொடுப்பும் போய்விடுமே என்ற ஐயம் பலருக்கு எழுவதுண்டு. உடலும் பேழையும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதே இங்குத் தேவையானது. பட்டையின் கவ்வியைப் பேழையின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் மாட்டினால் அது நிறைவேறும்.

பாகங்களை மாற்றுதல்

நினைவகப் பலகையின் விளிம்பிலுள்ள வெட்டு, செருகுவாயிலுள்ள மேட்டுடன் பொருந்தினால் மட்டுமே அது உள்ளே இறங்கும். பொருந்தாதபோது அழுத்தக் கூடாது. வெப்ப உறிஞ்சியைக் கழற்றினால் பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

கழற்றக்கூடிய கம்பிகளை உடைய மின்வழங்கிகளில் பிழை நேர்வது எளிது. கம்பியின் தாய்ப்பலகைப் பக்க முனை சீர்தரத்திற்கு உட்பட்டது. மின்வழங்கிப் பக்க முனைக்கு அத்தகைய பொதுச் சீர்தரம் இல்லை. பழைய மின்வழங்கியின் கம்பி புதியதில் கச்சிதமாகப் பொருந்தினாலும், 5 வோல்ட்டு செல்லவேண்டிய இடத்தில் 12 வோல்ட்டு சென்று எல்லா வன்தட்டுகளும் ஒருங்கே எரிந்துபோகலாம். ஆகவே மின்வழங்கியை மாற்றும்போது அதனுடன் வந்த கம்பிகளையே பயன்படுத்த வேண்டும்.

ரெய்டு 5 முறையில் அமைந்த வன்தட்டுத் தொகுதி ஒரு தட்டின் இழப்பை மட்டுமே தாங்கும். கெட்டதை விடுத்து நல்லதைப் பிடுங்கினால் தொகுதி முழுவதும் செயலிழக்கும். எனவே கணினியை நிறுத்துமுன்பே பழுதான தட்டின் தொடரெண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் மேலொட்டியுடன் ஒப்பிட்ட பின்னரே கழற்ற வேண்டும்.