இரவு இரண்டு மணி இன்டர்நெட்

போன வாரம் பேரன் ஃபைபர் இணைப்பு விண்ணப்பத்தை நீட்டி, "அன்லிமிடெட் தாத்தா, கையெழுத்துப் போடுங்க" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கோப்பு பார்த்த கண், அடியில் உள்ள பொடி எழுத்தைத் தேடியது. மாதம் 3,300 ஜிபி வரைதான் முழு வேகம். அதற்குப் பிறகு குறையும் என்றிருந்தது. வரம்பில்லாததற்கும் ஒரு வரம்பு! சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஆனால் நினைவு பின்னால் போய்விட்டது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் வழியாக. படங்களோடு பார்க்கும் இணைப்புக்குத் தனிநபர் ஆண்டுக்கு 15,000 ரூபாய் கட்ட வேண்டும். எழுத்து மட்டும் தெரியும் இணைப்பு 5,000. அதுவும் மணிக்கணக்கு, போன் கட்டணம் தனி. குமாஸ்தா சம்பளத்தில் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

2004-ல் மத்திய அரசு, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தால் அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லின் 'டேட்டாஒன்' வந்தது. மீட்டர் ஒழியவில்லை, மணியை அளப்பதை விட்டு எம்பியை அளக்க ஆரம்பித்தது. சில ஆண்டுகளில் 500 ரூபாய் திட்டத்தின் வேகம் 2 மெகாபிட் வரை ஏறியது. ஆனால் மாதம் இரண்டரை ஜிபி தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் காசு. கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு 900 ரூபாய் திட்டம் இருந்தது. அதில் வேகம் பழைய 256 தான். ஆக, 400 ரூபாய் கூடக் கொடுத்தவர் வாங்கியது நிம்மதியை மட்டுமே.

நான் 500 ரூபாய்க்காரன். அந்தத் திட்டத்தில் ஒரு சலுகை உண்டு: இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு பயன்படுத்தினாலும் கணக்கில் சேராது. ஊர் தூங்கும் நேரத்தில் கம்பி சும்மாதானே கிடக்கிறது!

என் அண்ணன் சொல்தாவாகப் போய், பிரான்சிலேயே தங்கிவிட்டவர். அங்கே 'மினிதெல்' பெட்டிக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டிப் பழகியவர். 2002-ல் 'ஃப்ரீ' என்ற கம்பெனி மாதம் 29.99 யூரோவுக்கு அளவில்லாத இணைப்பு கொடுத்த பிறகு அவருக்கு அந்தக் கவலை விட்டது. "ஃபோர்ஃபே இல்லிமிதேடா, நீ எப்ப வேணா கூப்பிடு" என்பார். நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் ஃபோர்ஃபே என்றால் மொத்தமாகப் பேசி முடித்த விலை. அவருக்கு விலை முடிந்திருந்தது. எனக்குத்தான் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைப்பேன். அங்கே குளிர்காலத்தில் இரவு ஒன்பதரை, கோடையில் பத்தரை. அவர் சாப்பிட்டு முடித்திருப்பார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஸ்கைப்பில் உட்காருவேன். வீட்டார் கேலி செய்வார்கள். அம்மா இறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசியது அந்த வேளையில்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. செல்போனில் நாளொன்றுக்கு 4 ஜிபி இலவசம். எங்கள் ஒரு மாத அளவை விட அதிகம். அதே ஆண்டு அக்டோபரில் டிராய் ஆணையம், வரம்பு தாண்டினாலும் வீட்டு பிராட்பேண்டின் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றது. நல்ல உத்தரவு. ஆனால் அண்ணன் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார்.

புது இணைப்பு வாங்குகிறவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த அளவில் வேகம் குறையும்? குறைந்த பிறகு எவ்வளவு இருக்கும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது 3,300 ஜிபி இருக்கிறது. சில சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வருகிறது.