எச்சமும் ஆங்கிலச் சார்புத்தொடரும்: சித்தூர் எல்லையிலிருந்து ஒரு குறிப்பு

ஆங்கிலச் சார்புத்தொடர்களைப் பெயர்த்தொடர், பெயரடைத்தொடர், வினையடைத்தொடர் என மூன்றாக வகுப்பது பள்ளி மரபு. நெஸ்ஃபீல்டின் நூலும் பின்னர் ரென்–மார்ட்டினின் நூலும் இப்பகுப்பை இந்திய வகுப்பறைகளில் நிலைநிறுத்தின. இதில் இடறும் மாணவரைத் 'தாய்மொழித் தாக்கம்' என்ற ஒற்றைத் தொடரால் ஒதுக்கிவிடுகிறோம். எந்தத் தாய்மொழி என்று கேட்கச் சித்தூரும் திருப்பதியும் தக்க இடங்கள்.

1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை இரண்டும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்கும் நிலம் அது. தமிழர் 'நேற்று வந்த ஆசிரியர்' என்பதைத் தெலுங்கர் 'நின்ன வச்சின டீச்சர்' என்பர். ஆங்கில 'ஹூ'வுக்கு இரண்டிலும் வேலையில்லை. 'வருவார் என்று நினைத்தேன்' என்பதில் 'என்று' ஆற்றும் பணியைத் தெலுங்கில் 'அனி' ஆற்றுகிறது. இரண்டுமே 'சொல்லுதல்' என்னும் பொருளுடைய வினையடியில் பிறந்தவை. 'வந்தால்' என்பது அங்கே 'வஸ்தே'.

இவ்வொற்றுமை தற்செயலன்று. 1816இல் வெளிவந்த கேம்பலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் எழுதிய குறிப்பு, தெலுங்கு வடமொழியின் கிளையன்று, தமிழுக்கு உறவானது என நிறுவியது. கால்டுவெல் 1856இல் பெயரெச்ச வழக்கைத் திராவிட மொழிகளின் தனியியல்புகளுள் ஒன்றாகவே எண்ணினார். தெலுங்குக்கு 1873இலும் தமிழுக்கு 1891இலும் இலக்கணம் எழுதிய ஆர்டன், இரண்டிலும் பெயரெச்சத்தை 'ரிலேடிவ் பார்ட்டிசிபிள்' என்றே அழைத்தார்.

எனக்கு உடன்பாடில்லாதது இந்தப் பெயர்தான். ஆங்கிலத்தில் உள்ள ஒரு சொல் இங்கில்லை என்ற பார்வையே அதில் தொனிக்கிறது. தொல்காப்பியம் வேறிடத்திலிருந்து பார்க்கிறது: பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்கள் இடம், செயப்படுபொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறு. 'நான் எழுதிய கடிதம்', 'நான் எழுதிய பேனா' இரண்டிலும் எச்சம் ஒன்றே. முன்னது செயப்படுபொருள், பின்னது கருவி. இவ்வேறுபாட்டைத் தமிழ் கேட்பவரின் அறிவுக்கு விட்டுவிடுகிறது, தெலுங்கும் அப்படியே. ஆங்கிலமோ அதைச் சொல்லால் காட்டச் சொல்கிறது. ஆகவேதான் 'தி பென் விச் ஐ ரோட்' என்று எழுதும் மாணவர் 'வித்' என்பதை விட்டுவிடுகிறார். பெயரடைத்தொடர் இன்னதென்று அவருக்குத் தெரியும். தெரியாதது, கருவிப் பொருளுக்கு ஆங்கிலம் தனியே ஒரு முன்னிடைச்சொல் கேட்கும் என்பது. அந்த ஆறையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் என்ன கேட்கிறது என்று காட்ட ஒரு பாடவேளை போதும். சித்தூர் வகுப்பில் அதே பலகை தெலுங்கு மாணவருக்கும் பயன்படும்.