ஒற்றைக் காவலும் முதலாளியின் பொறுப்பும்: பிரிட்டனில் சட்டம் வந்த வழி

காவல் வேலையில் நேரும் விபத்துக்குப் பெரும்பாலும் சாட்சி இருப்பதில்லை. இரவு, ஆளற்ற வளாகம், ஒற்றை ஆள்: வேலையின் இயல்பே அது. பிரிட்டனில் முதலாளியின் பொறுப்பு வளர்ந்த வரலாற்றைக் காவலாளியின் பக்கம் நின்று படித்தால், தொகைகளுக்கு முன்னே ஒரு கேள்வி எழுகிறது. நடந்ததற்கு யார் விளக்கம் சொல்ல வேண்டும்?

1837இல் வந்த பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்கில் அந்தச் சுமை முழுவதும் தொழிலாளியின் தலையில்தான் இருந்தது. இறைச்சிக் கடைக்காரரின் வண்டி அதிக பாரத்தால் சரிந்து, வேலைக்காரச் சிறுவனின் தொடை எலும்பு முறிந்தது. ஆபத்தான வேலையை அவன் மறுத்திருக்கலாம் என்ற வகையில் நீதிமன்றம் பேசியது. உடன்பணியாளரின் கவனக்குறைவுக்கு முதலாளி பொறுப்பல்ல என்ற கோட்பாடு இதிலிருந்து கிளைத்து, 1948இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1937இல், ஒரு ஸ்காட்லாந்து நிலக்கரிச் சுரங்க வழக்கில் பிரபுக்கள் அவை அதன் அடித்தளத்தை அசைத்திருந்தது. திறமையான ஆட்கள், போதிய கருவிகள், பாதுகாப்பான வேலைமுறை ஆகியவற்றைத் தருவது முதலாளியின் சொந்தக் கடமை. அதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்க முடியாது.

ஆனால் தாக்கியவன் கொள்ளைக்காரன் என்றால்? 1980இல் சட்ட அறிக்கையில் வெளியான சார்ல்டன் வழக்கில், சம்பளப் பணம் எடுத்துவரும்போது தாக்கப்பட்ட ஊழியர் மேல்முறையீட்டில் தோற்றார். பணம் எடுக்கும் முறையை மாற்றி மாற்றி அமைக்கும்படி முதலாளி சொல்லியிருந்ததே போதும் என்றானது. பிறரின் குற்றச்செயலையும் முதலாளி முன்கூட்டி எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை இந்த வழக்கு ஏற்றது. எடுக்கவேண்டிய முன்னேற்பாட்டின் அளவை மட்டும் மிகத் தாழ்வாக வைத்தது. என் பார்வையில் அது போதாது.

உண்மையான திருப்பம் 1974ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம். அதன் 40ஆம் பிரிவு இந்த வரலாற்றில் உரிய கவனம் பெறவில்லை என்பேன். நடைமுறையில் இயன்றதையெல்லாம் செய்தோம் என்று மெய்ப்பிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்ட முதலாளியே. தனியாக இறந்துகிடப்பவர் தரப்பில் பேச யாருமில்லாத தொழிலில் இதைவிட முக்கியமான விதி இல்லை. 1996இல் அசோசியேட்டட் ஆக்டெல் வழக்கு, ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு நேர்ந்த தீங்குக்கும் வளாகத்தை நடத்துபவர் குற்றப் பொறுப்பேற்க நேரலாம் என்று உறுதிசெய்தது. காவலாளிகள் பெரும்பாலும் அப்படி அனுப்பப்படுபவர்களே.

தண்டனை மெதுவாகத்தான் பின்தொடர்ந்தது. 1998இல் ஹவ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாதுகாப்புக் குற்றங்களுக்கான அபராதங்கள் மிகக் குறைவு என்று வெளிப்படையாகக் கூறியது. செலவை மிச்சப்படுத்தப் பாதுகாப்பைப் பலிகொடுத்தது குற்றத்தைக் கூட்டும் என்றது. ஆனால் அந்த வழக்கிலேயே, சிறு நிறுவனம் என்பதால், 48,000 பவுண்டு அபராதம் 15,000 ஆகக் குறைந்தது. 2016 பிப்ரவரி முதல் இங்கிலாந்து, வேல்ஸில் நடைமுறைக்கு வந்த தண்டனை வழிகாட்டி, ஆண்டு விற்றுமுதலையே அளவுகோலாக்கியது. மிகக் கடுமையான தவறும் உச்சத் தீங்கும் சேர்ந்தால், 5 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள நிறுவனத்துக்குத் தொடக்கப் புள்ளி 40 லட்சம் பவுண்டு. 20 லட்சத்துக்கு மிகாத குறுநிறுவனத்துக்கு அதே தவறுக்கு இரண்டரை லட்சம்.

இங்கேதான் காவல் தொழிலின் ஒப்பந்தச் சங்கிலி சிக்கலாகிறது. ஆள் அனுப்பும் நிறுவனம் பெரும்பாலும் சிறியது. எத்தனை ஆள், என்ன கருவி, எவ்வளவு செலவு என்று முடிவு செய்பவர் பெரியவர். 2018 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஆஃப்டன் காற்றாலைக் கட்டுமானத் தளத்தில் கடும்பனியில் காவலர் கொட்டகையின் ஜெனரேட்டர் நின்றுபோனது. உள்ளே குளிர்காய வழியில்லை. வெளியே சென்ற முதிய காவலாளி பனியில் இறந்தார். கட்டுமான நிறுவனமும் காவல் பணியை ஏற்ற நிறுவனமும் பின்னர் தண்டிக்கப்பட்டன. சங்கிலியின் ஒரு கண்ணியோடு வழக்கு நிற்கவில்லை என்பதே 1837இலிருந்து சட்டம் கடந்துவந்த தூரத்தைக் காட்டுகிறது. இனி அபராதத்தைக் கணக்கிடும்போதும், மாற்று ஜெனரேட்டருக்கும் செயற்கைக்கோள் தொலைபேசிக்கும் ஒப்பந்த விலையில் இடம் தராதவர் யார் என்பதை நீதிமன்றங்கள் முதலில் பார்க்க வேண்டும். விற்றுமுதல் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.